ஒரு போசி ரசமும் நாலு ஷாக் அப்சார்பரும்

"மாமா, அக்காகிட்ட சொல்லி ஒரு போசி ரசம் வெக்கச் சொல்லுங்க. கொத்தமல்லி வேண்டாம். அது மேல மிதந்தா அலை தெரியாது."

கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மச்சினன் முருகேசன் போனில் சொன்னது இது. சாப்பிட வருகிறான் போல என்று நானும் நினைத்துவிட்டேன். தம்பி வருகிற சந்தோஷத்தில் என் மனைவி மல்லிகா அப்பளம் வேறு பொரித்து வைத்தாள். வந்தான். போசிப் பாத்திரத்தோடு ரசத்தை வாங்கினான். அதைத் தன் காரின் பின் சீட்டில் உட்கார வைத்தான். என்னை முன்னால் ஏறச் சொன்னான்.

நீங்கள் யாராவது ரசத்தோடு சவாரி போயிருக்கிறீர்களா?

முருகேசனுக்குப் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். வீடு மைசூர் அக்ரஹாரத்தில். ஃபேக்டரி ஒன்றில் சூப்பர்வைசர். அவனுக்கு முன்பே பிறந்த ஓர் அம்பாசிடர் காரை வைத்திருக்கிறான். அதைத் தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து, கிளாசிக் கார் போட்டியில் நிறுத்திக் கப்பு வாங்க வேண்டும் என்பது அவன் லட்சியம். இரண்டு முறை நிறுத்தினான். இரண்டு முறையும் சர்டிபிகேட்டோடு வந்தான்.

இந்தப் போட்டியில் ஒரு விசேஷம். கார் நன்றாக இருந்தால் போதாது. ஃபேக்டரியை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். நடுவர் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்ப்பார். புதுசாக எதையாவது மாட்டியிருந்தால் மார்க் போச்சு. மனிதர்களுக்கு இப்படி ஒரு போட்டி வைத்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? எனக்குப் பல்லிலேயே மார்க் போய்விடும்.

முருகேசனின் மனைவி கௌரி வீட்டின் முன்னறையில் தையல் கிளாஸ் நடத்துகிறாள். படிக்க வருகிற பெண்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அறை கூடவில்லை. ஆனால் பின்பக்கம் ஒரு அருமையான ஷெட் இருக்கிறது. அதில் கார் இருக்கிறது. இந்த முறை கௌரி தீர்த்துச் சொல்லிவிட்டாள். கப்பு வந்தால் ஷெட் காருக்கு. வராவிட்டால் ஷெட் தையலுக்கு, கார் தெருவுக்கு. அவனும் தலையாட்டிவிட்டான். ஆட்டிய பிறகுதான் பயம் வந்தது.

பாக்கி இருந்தது ஷாக் அப்சார்பர் மட்டும்தான். பள்ளத்தில் விழுந்த வண்டி குதித்துக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துகிற சாமான் அது. பழையது ஒழுகி ஓய்ந்துவிட்டது. அவன் அதை மாற்றப் போகிறான் என்ற செய்தி அக்ரஹாரத்தில் பரவியதும் என்ன நடந்தது தெரியுமா? போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஸ்கூட்டரை நிறுத்தி, கார் மூக்கை ஓர் அமுக்கு அமுக்கி, அது எத்தனை தரம் ஆடுகிறது என்று பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் தோற்றார்கள்.

மூன்று வழி இருந்தது. ஒன்று, பழையதையே பிரித்து, சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி மாட்டுவது. இரண்டு, ஆன்லைனில் வருகிற கேஸ் நிரப்பிய புது ரகம், பளிச்சென்ற மஞ்சள் கலர். மூன்றாவதைத் தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் பரணிலிருந்து தோண்டி எடுத்தான். அந்தக் காலத்துச் சரக்கு, உறைகூடப் பிரிக்காதது, கறுப்பு. கடைக்காரருக்கே அது அங்கே இருப்பது தெரியாது.

எதை மாட்டுவது? அதற்குத்தான் ரசம்.

தண்ணீர் வைத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

"தண்ணி காஞ்சு போயிரும் மாமா. ரசம்னா சாட்சி இருக்கும். அஷ்டே" என்றான். அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டால் அவன் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

முதல் ஞாயிறு, சீல் மாற்றிய பழசு. இரண்டாவது ஸ்பீடு பிரேக்கரிலேயே ரசம் எழுந்து நின்றது. சீட்டில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்ததால் பிழைத்தோம். அடுத்த ஞாயிறு, மஞ்சள். ஆஹா... ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊரையே சுற்றிவிட்டு வந்து அதே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டோம். வருகிற வழியிலேயே எனக்கு மஞ்சளை ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்குக் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் நடுவருக்கு என்ன தெரியப்போகிறது என்று யோசனை சொன்னேன்.

முருகேசன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"நீங்க பத்திரிகையில எழுதறவரு, கொஞ்சம் முன்னப்பின்ன சொல்லலாம். காரு சொல்லக் கூடாது மாமா."



மூன்றாவது ஞாயிறு, பரண் சரக்கு. இதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டதால், ஷீட் விரிக்காமலே போசியை வைத்தான். முக்கால்வாசி தூரம் சமர்த்தாக வந்தது. வீட்டுக்குத் திரும்பும் முனையில் ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கை மிதித்தான். பாதி ரசம் சீட்டுக்குப் போய்விட்டது. ஷாக் அப்சார்பர் பாஸ், அது பள்ளத்துக்குத்தான் பொறுப்பு, மாட்டுக்கு இல்லை என்றான். சீட்டைப் பற்றிக் கௌரிக்கு யார் சொல்வது என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

சொல்லத் தேவையே இருக்கவில்லை. வாசனையே சொல்லிவிட்டது.

கௌரி நேரே காருக்குப் போனாள். கறைபட்ட ரெக்ஸின் உறையை உரித்து எறிந்தாள். அடியில் கிழிந்து நைந்துபோய் ஆதி காலத்து சீட் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. மடிப்பு மடிப்பாக, ஓரத்தில் பைப்பிங் வைத்துத் தைத்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நூல் நூலாகப் பிரித்து, மடிப்பை அளந்து, அதே நிறத்தில் துணி தேடி, அச்சு அசலாகப் புது சீட் தைத்துவிட்டாள். ஷெட்டைக் கேட்கிறவள் காருக்கு ஏன் இப்படி உழைக்கிறாள் என்று மல்லிகா கேட்டதற்கு, தையல் வேறு, சண்டை வேறு என்றாளாம்.

போட்டி நாள். மைதானம் முழுக்கப் பளபள கார்கள். எங்கள் நடுவர் பெங்களூர்க்காரர், வெள்ளைக் கையுறை. பாயை விரித்து அம்பாசிடருக்கு அடியில் போனார். ஷாக் அப்சார்பரைப் பார்த்து "குட்" என்றது எனக்கே கேட்டது. முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை எண்ணெயாக இருந்தது.

வெளியே வந்த நடுவரின் கையுறையும் எண்ணெயாக இருந்தது. நாலும் ஒழுகுகிறதே என்றார் கன்னடத்தில்.

முருகேசனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடந்தது இதுதான். காலையில் குளித்துவிட்டுத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறான். உள்ளங்கையில் கொஞ்சம் மிச்சம். நாமெல்லாம் அதை என்ன செய்வோம்? முழங்கையிலோ காலிலோ தடவிக்கொள்வோம். அவன் காருக்கு அடியில் போய் ஷாக் அப்சார்பருக்குத் தடவியிருக்கிறான். கறுப்பு கொஞ்சம் மினுமினுக்கட்டும் என்று. போதாமல் பாட்டிலையும் எடுத்துப் போயிருக்கிறான்.

ஒழுகுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பழசைக் கழற்றி, ரசம் வைத்துப் பரீட்சை நடத்தி, ஊரெல்லாம் தேடி ஒழுகாததைக் கொண்டுவந்து... அதற்குத் தன் கையாலேயே எண்ணெய் பூசியிருக்கிறான்! பிரியம் இருக்கிறதே, அதற்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

"சார், அது கொப்பரி எண்ணெ" என்றான் மெல்ல. தேங்காய் எண்ணெய்.

நடுவர் கையுறையை முகர்ந்தார். முருகேசனின் தலையைப் பார்த்தார். மறுபடி கையுறையை முகர்ந்தார். தலைக்கு இருக்கலாம், ஷாக் அப்சார்பருக்கு ஃபேக்டரியில் இதைத் தடவி அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டு மார்க்கைக் குறைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கார் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சாயங்காலம் பரிசு அறிவித்தார்கள். பெரிய கப்பு யாருக்கோ போனது. நாங்கள் கிளம்பத் தயாரானபோது, உள் அலங்காரத்தில் அசல் மாறாத சீட்டுக்கு என்று சொல்லி முருகேசன் கார் நம்பரைப் படித்தார்கள். அவன் துள்ளி எழுந்தான். அதற்குள் கௌரி பாதி தூரம் நடந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் ரசம் இருந்த இடத்தில் கப்பு. இரண்டு பக்கமும் கௌரியும் மல்லிகாவும். கப்பு வந்துவிட்டது, அதனால் ஷெட் காருக்கு என்றான் முருகேசன். அது தையலுக்கு வந்த கப்பு, அதனால் ஷெட் தையலுக்கு என்றாள் கௌரி. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பத்திரிகையில் வாரா வாரம் ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறேனே! வீடு வருகிறவரை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் போயிருந்தோம். ஷெட்டில்தான் தையல் கிளாஸ் நடக்கிறது. காரும் அங்கேயேதான் நிற்கிறது. சுற்றிலும் மெஷின்கள். காருக்குள்ளே, கப்பு வாங்கிய சீட்டில், வரிசையாக உட்கார்ந்து பெண்கள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

முருகேசன் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"பாத்தீங்களா மாமா, இத்தனை பேரு ஏறி எறங்கறாங்க, ஒரு குலுக்கல் இல்ல. ஷாக்கப்சர்னா அது ஷாக்கப்சர்."

பெருமை தாங்காமல் கதவைத் திறந்து தானும் ஏறப் போனான். மெஷினை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே கௌரி சொன்னாள்:

"மொதல்ல கையைக் காட்டுங்க."