மச்சான் பிடித்த கயிறு

எங்கள் சாத்தான்குளம் பக்கத்தில் பி.ஏ. முடித்த பெண்களை அந்த நாளில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதற்கு மேலும் படிக்கப் போனவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் படிப்பின் முதல் வருஷத்தில் நான் அடித்த கூத்து ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் சொன்னால் யோக்கியமாக இருக்காது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேசி, அவர்களே ஒரு வழி கண்டுபிடிக்கத் துணையாக இருக்கும் வேலைக்குப் பட்டதாரிகளைப் பழக்குகிற படிப்பு ஒன்று மதராஸில் இருந்தது. கவுன்சிலிங் என்ற சொல் எங்கள் பக்கம் யார் காதிலும் விழாத காலம். எங்கள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். படிப்பைப் பற்றி அவரிடம் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"ரெண்டு வருஷம் படிச்சு என்னளா செய்யப் போற?"

"மத்தவங்க கஷ்டத்தைக் கேக்கப் போறேன்."

"அதுக்கு எதுக்குப் பட்டணம் போகணும்? நம்ம கடையில உக்காரு. காலையில இருந்து அதத்தான் வந்து சொல்லுதாவ."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் கடைக்குச் சீரகம் வாங்க வருகிறவர், மருமகளோடு உள்ள சண்டையையும் சேர்த்துக் கொண்டுவருவார். அப்பா பொட்டலம் மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவார். "அவன வெளிய அனுப்பு." "இவளுக்குத் தனி அடுப்பு வச்சிக் குடு." கட்டுப்படாவிட்டால் ஊர்ப் பெரியவருக்கு ஆள் விட்டுக் காரியத்தை முடித்துவைப்பார். நான் அதைப் பார்த்தே வளர்ந்தவள். கஷ்டம் என்று ஒருவர் வாய் திறந்தால் அவர் முடிப்பதற்குள் என்னிடம் பதில் தயாராக இருக்கும். இந்தப் படிப்பு எனக்கென்றே வந்தது என்று நம்பிக்கொண்டு ரயிலேறினேன்.

போன இடத்தில் முதல் வாரமே தலையில் குட்டு விழுந்தது. யோசனை சொல்லாதே. பேச்சுக்குள் பாயாதே. வருகிறவர்கள் சொன்னதை அவர்கள் எதிரில் எழுதாதே. அவர்கள் போன பிறகு ஞாபகத்திலிருந்து, யார் என்ன சொன்னார்கள் என்று வரிவரியாக எழுது. எங்களுக்கு வாய்த்த ஆசிரியை என்னைவிட ஒரு வயது இளையவர். சீமையில் படித்துவிட்டு வந்தவர். அது வேறு எனக்கு எரிச்சல். ஆறு மாதம் வெளியூரில் வேலை பழகவேண்டும் என்று வந்தபோது தூத்துக்குடியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் பக்கம்; அவருக்குத் தூரம்.

துறைமுகத்துக்கு அருகில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கும் அறையை ஒட்டி எனக்கு ஒரு மூலை, ஒரு பெஞ்சு, ஒரு நாற்காலி. ஜனங்கள் என்னை டீச்சரம்மா என்றார்கள். வெள்ளைச் சேலை கட்டிய படித்த பெண் என்றால் ஒன்று நர்ஸாக இருக்கவேண்டும், இல்லையென்றால் டீச்சர். வாராவாரம் குறிப்புகளைத் தபாலில் மதராஸுக்கு அனுப்புவேன். பென்சில் கோடுகளோடு திரும்பி வரும். ஒரு தடவை ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: "இதில் கஷ்டப்படுகிறவர் யார்? பேசுவது முழுக்க நீங்களாகவே இருக்கிறீர்களே?" அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் இரண்டு பேரை என்னிடம் அனுப்பினார். கடற்கரைத் தெருவிலிருந்து ஒரு கணவன், மனைவி. கணவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சங்கு குளிக்கிறவர். கல்லில் கால் வைத்து ஆழத்துக்கு இறங்கி, தரையில் சங்கு பொறுக்கி, மூச்சு முட்டியதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் வள்ளத்தில் இருப்பவர் மேலே இழுத்துவிட வேண்டும். மூன்று வாரமாக அவர் கடலுக்குப் போகவில்லை. காது வலி என்றார். டாக்டர் பார்த்துவிட்டார், காதில் ஒன்றுமில்லை. மனைவிதான் பேசினார்.

"சம்மாட்டி ஞாயித்துக்கெழம வரைக்கும் தவணை குடுத்திருக்காவ டீச்சரம்மா. திங்கக்கெழம இவிய வள்ளத்துல ஏறலைன்னா இவிய எடத்துக்கு வேற ஆளு. அதுக்கப்புறம் யாரு கூப்புடுவா? பயந்தவன்னு பேராயிரும். குளிக்கது தவிர இவியளுக்கு வேற எதுவும் தெரியாது."

சம்மாட்டி என்பது வள்ளத்துச் சொந்தக்காரர். அன்று செவ்வாய்க்கிழமை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். மறுநாள் தனியாக வரச்சொல்லி மறுபடியும் துளைத்தேன். என் தொல்லை தாங்காமல்தான் மனுஷன் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

"கயிறு பிந்திட்டு," என்றார்.

"எப்படிப் பிந்துச்சு?"

"சுண்டுனேன். வரல. மறுபடி சுண்டுனேன். வரல. மூணாவது சுண்டுக்குத்தான் வந்துது. நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துது." குரலைத் தாழ்த்தி, "கயிறு பிடிக்கது எம் மச்சான். எம் வீட்டுக்காரிக்கு மூத்தவன். இது இங்கனயே இருக்கட்டும் டீச்சரம்மா," என்றார்.

இருக்கும் என்றேன். தலையை வேறு ஆட்டினேன்.

அவர் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார். நான் காகிதத்தை எடுத்துவிட்டேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா மூன்று வாரம் என்றிருந்தது எனக்கு. கடையில் ஒரு ஆள் எடையில் கவனக்குறைவாக இருந்தால் அவனை மூட்டை அடுக்கப் போட்டுவிட்டு இன்னொருவனைத் தராசில் நிறுத்துவோம். யாரும் அழமாட்டார்கள். சம்மாட்டிக்கு எழுதினேன்: கயிறு பிடிப்பவர் கவனக்குறைவாக இருக்கிறார், அவருக்குப் பதில் வேறு ஆளைப் போட்டால் இவர் திங்கட்கிழமையே குளிக்க வருவார். பொறுப்பானவர் காதில் போடுவது வெளியே சொல்வதாகாது என்பது எங்கள் கடைவீதி நியாயம். ஆஸ்பத்திரி ஆளிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சம்மாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கடிதம், அவசரமாக இருக்கும் என்று கணக்கரை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கணக்கர் கடற்கரையில் வைத்தே, அத்தனை பேரும் கேட்க, சத்தமாக வாசித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மாள் தனியாக வந்து என் முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்க அண்ணன் கையில இருந்து கயித்தப் புடுங்கச் சொன்னது நீங்கதானா?"

"இல்லம்மா, ஒரு நல்லதுக்குத்தான்..."

"எது நல்லது? பொண்ணு குடுத்த வீட்டு ஆம்பளதான் எங்கள்ல கயிறு பிடிக்கணும். ஏன் தெரியுமா? ஊருல எவனுக்கு வேணும்னாலும் கை அசந்துரும். கூடப்பொறந்தவ தாலி அறுந்துரக் கூடாதுன்னு நினைக்கிறவனுக்கு அசராது. அவன் கையில இருந்து வாங்குனா என்ன அர்த்தம்? தங்கச்சியத் தாலியறுக்கப் பாத்தான்னு அர்த்தம். அதத்தான் கடக்கரை முழுக்க வாசிச்சிருக்காவ. எங்கண்ணன் நேத்துல இருந்து யாரு முகத்துலயும் முழிக்கல. எம் புருசன் என்கிட்டயும் பேசல, உங்ககிட்ட வந்ததுக்கு. நான் இப்ப எந்தப் பக்கம் போவட்டும்? நீங்களே சொல்லுங்க, நீங்கதான் எல்லாத்துக்கும் சொல்லுதியளே."

அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். 'இங்கனயே இருக்கட்டும்' என்று ஒரு மனுஷன் நம்பிச் சொன்னதைச் சம்மாட்டி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேனே.

குறிப்பு எழுதும்போது கடிதத்தைப் பற்றி ஒரு வரியில் மழுப்பிவிடலாமா என்று கை தயங்கியது. எழுதாவிட்டால் மதராஸில் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதினால் படிப்பே போகலாம். எல்லாவற்றையும் எழுதினேன், தலையாட்டியதைக்கூட விடவில்லை. நான் எழுதிய எத்தனையோ பக்கங்களில் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருப்பது அந்த நாலு பக்கம்தான். தபாலில் சேர்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க நாளில்லாததால், சனிக்கிழமை காலை கடற்கரைத் தெருவுக்குப் போனேன்.

அண்ணன்காரர் வாசலில் கவிழ்த்துப்போட்ட உரலில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அந்தக் கடுதாசி நான் எழுதுனது. உங்க வழக்கம் தெரியாம எழுதிட்டேன். அத எழுத எனக்கு உரிமையும் கிடையாது. உங்க மச்சான் எழுதச் சொல்லல. தப்பு என்னோடது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போயிட்டு வாங்க," என்றார். அவ்வளவுதான். சம்மாட்டியிடமும் போய் அதையே சொன்னேன். பிறகு தங்கை வீட்டுக்குப் போய், அன்று மத்தியானம் மூவரும் என் மூலைக்கு வரமுடியுமா, வந்தால் நான் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். "நீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

வந்தார்கள். பெஞ்சில் நடுவில் அந்த அம்மாள், ஒரு ஓரம் கணவர், மறு ஓரம் அண்ணன். கணவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

யாரும் பேசவில்லை. மருந்தறையில் புட்டி அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது. சமாதானமாகப் போங்கள் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டேன். அண்ணன்காரர் எழுந்துபோய்விடுவார் என்று பட்டது. போனாலும் பேசுவதில்லை என்று இருந்தேன். பேசாமல் இருப்பது இவ்வளவு வேலை என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அவர் எழுந்திருக்கவில்லை. வலது கையை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு இந்த வெரல் மூணும் தெரியமாட்டேங்குது," என்றார் கடைசியில். "போன வருசம் துறைமுகத்துல சரக்கு எறக்கையில நசுங்குச்சில்லா, அதுல இருந்து மரத்துப்போச்சு. இழுக்கப் பலம் இருக்கு. சுண்டுனாத்தான் தெரியல. அன்னைக்கு நான் கயித்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தியமா வேற எங்கயும் பாக்கல."

"எனக்குத் தெரியும் மச்சான்," என்றார் கணவர்.

"தெரியுமா?"

"கள்ளுக்கடைக்குப் போறவனா நீரு, அசர்றதுக்கு? வெத்தில மடிக்கையில நீரு காம்பத் தவறவிடுதத நான் ரெண்டு மாசமாப் பாக்கேன். சொன்னா உம்ம வள்ளத்த விட்டு எறக்கிருவாவ. அதான் காது வலின்னேன்."

பயம் என்று நான் நினைத்தேன், கவனக்குறைவு என்று எழுதினேன். அந்தக் கையை நம்பி இறங்கவும் முடியாமல், அந்தக் கையை வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லாமல், ஒரு மனுஷன் மூன்று வாரமாகக் கோழை என்ற பேரைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அண்ணன் கையைப் பிடித்து அந்த மூன்று விரலையும் அழுத்திப் பார்த்தார்.

"கைக்குத்தான தெரியல? இடுப்புக்குத் தெரியும்லா?" என்றார். "கயித்த இடுப்புல ஒரு சுத்து சுத்திக்க. இவிய சுண்டுனா ஒன்னையே சுண்டும். ரெண்டு கையாலயும் இழு."

அண்ணன்காரர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றி, முனையை மச்சானிடம் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். கணவர் மெல்லச் சுண்டினார்.

"ம்," என்றார் அண்ணன்.

இன்னும் மெல்லச் சுண்டினார்.

"ம்."

திங்கட்கிழமை வள்ளங்கள் போய்விட்டன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. இப்படிச் செய்யலாமா என்று அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. அவர்கள் முடிவு, அவர்கள் உயிர். அவர்களை நம்பிச் சும்மா இருப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான் என்று அன்று ஒரு பகல் முழுக்கப் படித்தேன்.

சாயங்காலம் கடல்காற்றில் வள்ளங்கள் திரும்பும் நேரத்துக்குக் கரையில் நின்றேன். அந்த அம்மாள் எனக்கு முன்பே வந்திருந்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

வள்ளம் கரை தட்டியதும் அவர் கணவர் முதலில் குதித்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் அண்ணன்காரர் இறங்கி நேராகத் தங்கையிடம் வந்தார். ஈரத் துண்டை விலக்கினார். இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம், சில இடங்களில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"ஒண்ணுகூடத் தவறலளா," என்றார். "அவன் சுண்டுனது எல்லாம் எனக்குத் தெரிஞ்சுது."

அத்தனை நாளும் அழாத அந்த அம்மாள் அந்தத் தடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார்.