சாந்தினியும் மாலை போட்ட பிரிண்டரும்

என் தங்கை சாந்தினி எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்றாள். மறு ஆண்டே எழுதித் தேறினாள். மோட்டார் சைக்கிள் லைசென்ஸை மூன்றாவது முறையில் வாங்கினாள். நான்காவது என்று அம்மா சொல்லித் திரிவது தவறு. அவளிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். கணினி வலையமைப்பு வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பெண்கள் கழிப்பறை அடுத்த கட்டடத்தில். ஓடிப் போய் ஓடி வந்தாளே தவிர, ஒரு பாடத்தையும் விடவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு ஏணி வேலையா?" என்று கேட்ட அப்பாவையே, பிறகு புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் அவள் கம்பி இழுக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தாள்.

கிடைக்காமல் இருந்தது ஒன்றுதான்: கையெழுத்துப் போடும் உரிமை.

அவளுக்கு வேலை கொடுத்தவர் ஆம்புரோஸ் அண்ணன். அலுவலகங்களில் கணினிகளைக் கம்பியால் இணைத்துக் கொடுப்பது அவர் தொழில். வேலை முடிந்ததும், 'எல்லாம் ஓடுகிறது, பொறுப்பு என்னுடையது' என்று ஒருவர் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். சாந்தினி ஏணியில் ஏறுவாள். ஆம்புரோஸ் அண்ணன் கையெழுத்துப் போடுவார். சென்ற ஆண்டு, சிலிபினில் சுகுமாரன் முதலாளியின் மசாலா ஆலை வேலை வந்தபோதுதான் அவர் மனம் இளகினார்.

"இது முழுக்க உன் வேல, தங்கச்சி. விஜயதசமி அன்னிக்கு ஒப்படைக்கிறோம். ஓடுனா நீயே சைன் போடு. ஓடலன்னா இன்னும் ஒரு வருசம் ஏணிதான்லா."

அந்த ஆலையில்தான் நான் மிளகாய்த்தூள் பொட்டலம் கட்டுகிறேன். ஆகவே நடந்தது எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

கம்பி இழுத்த வாரத்தில் ஒரு நாள், தேநீர் நேரத்தில் அவளிடம் கேட்டேன். "அந்த ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர் இந்த ரூம்ல இருக்கிறதோட எப்படிடி பேசுது?"

"ரப்பர் தோட்டத்துல பெரட்டு எப்படி நடக்கும்னு அப்பா சொல்லுவாருல்ல?"

"காலையில எல்லாரையும் நிக்க வச்சிப் பேரு கூப்பிடுவாங்க."

"அதேதான்க்கா. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் இருக்கு. 'இந்த நம்பர்காரன் யாரு?'ன்னு ஒண்ணு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கூப்பிடும். அந்த நம்பர்காரன் மட்டும் 'நான்தான்'னு சொல்லுவான். அப்புறம் ரெண்டு பேரும் தனியாப் பேசிக்குவாங்க."

"பேசறத மொத்தமா அனுப்புமா?"

"மொத்தமா இல்ல. நீ கட்டற மாதிரி குட்டிக் குட்டிப் பொட்டலமா. எங்கேருந்து, எங்க, எத்தனாவதுன்னு ஒவ்வொண்ணு மேலயும் இருக்கும். ஒண்ணு வரலன்னா அத மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கும்."

"இங்க ஒரு பொட்டலம் காணலன்னா என்னைத்தான்டி கேப்பாங்க!"

எல்லாக் கம்பியும் வந்து சேரும் இடம் சுவரோரம் இருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டி. அதற்கு சுவிட்ச் என்று பெயர். ஒருவர் கூப்பிடுவதை மற்றவர்களிடம் கொண்டு சேர்ப்பது அதுதான். ஒவ்வொரு கம்பியின் இரு நுனியிலும் ஒரே பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டினாள் சாந்தினி. கோணலாக ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்டினாள். அது எங்கள் குடும்பப் பழக்கம்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி எல்லாக் கம்பிகளையும் கழற்றச் சொன்னார். கணினிகளைத் துடைத்து, சரஸ்வதி படத்தின் முன் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். உருவத்தில் பெரியது என்பதால் பிரிண்டருக்கு மட்டும் மாலை. மாலை போட்டதை, முதலாளியம்மா வந்து கற்பூரம் காட்டும்வரை நகர்த்தக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து முதலாளி தம் கையாலேயே கணினிகளைப் பழைய இடத்தில் வைத்து எல்லாக் கம்பிகளையும் மாட்டினார். பிறகுதான் சாந்தினியும் ஆம்புரோஸ் அண்ணனும் வந்தார்கள். ஒரு கணினியும் இன்னொன்றோடு பேசவில்லை.

"என்னம்மா இது? பெட்டிக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடவா?" என்றார் முதலாளி.

ஆம்புரோஸ் அண்ணன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். சாந்தினியின் முகம் சுருங்கிப்போனது. இரண்டு கணினிகளுக்குத் தவறுதலாக ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டோமோ என்று முதலில் தன்னையே சந்தேகித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்கள் சரியாகவே இருந்தன. பிறகுதான் சுவிட்ச் முன் குந்தினாள். அதன் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெறிபிடித்தது போல மின்னின.

"முதலாளி, பிரிண்டர் கம்பிய எங்க மாட்டுனீங்க?"

"பிரிண்டர்தான் சாமிகிட்ட இருக்கே. கம்பி சும்மா தொங்குச்சி. விஜயதசமி அன்னிக்கு ஒண்ணும் சும்மா இருக்கக் கூடாதுன்னு அந்தப் பெட்டியிலயே ஒரு காலி ஓட்டையில சொருகிட்டேன்."

ஒரே கம்பியின் இரு நுனியும் ஒரே பெட்டியில்! 'பிரிண்டர்' என்ற சீட்டு இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஓட்டையிலிருந்து எங்களைப் பார்த்தன.

"அண்ணே, பெரட்டுல கூப்பிட்ட பேரு ஒரு வாசல் வழியாப் போயி மறு வாசல் வழியாத் திரும்பி வருது. வந்ததையே திரும்பக் கூப்பிடுது. அந்தச் சத்தத்துல யாரும் பேச முடியல."

"அப்ப புடுங்கு!" என்றார் ஆம்புரோஸ் அண்ணன்.

"ஐயோ, நல்ல நேரத்துல சொருகினத புடுங்கக் கூடாது! பிரிண்டரையும் நகர்த்தக் கூடாது. எம்பொஞ்சாதி வந்தா என்னைத் தொலைச்சிடுவா!" முதலாளி கையை விரித்துப் பெட்டியை மறைத்துக்கொண்டார்.

சாந்தினி அந்த இரண்டு சீட்டையும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் புடுங்கல முதலாளி. அது போக வேண்டிய எடத்துக்கு அனுப்பி வைக்கிறேன். பிரிண்டர் நகர வேணாம், கம்பி நகரட்டும். பாதி வழியில நிக்கிற காரியம் மட்டும் இன்னிக்கு ஆகுமா, சொல்லுங்க?"

முதலாளி சரஸ்வதி படத்தைப் பார்த்தார். பிறகு கையை இறக்கினார்.

ஒரு நுனியை அவள் எடுத்ததுமே விளக்குகள் அடங்கி, ஒவ்வொன்றாக நிதானமாக மின்னத் தொடங்கின. சுருண்டு கிடந்த அதே கம்பியை நீட்டிச் சாமி படத்தடிக்குக் கொண்டுபோய்ப் பிரிண்டரில் மாட்டினாள். படத்துக்குப் போட்டிருந்த வண்ண விளக்குக்குப் பக்கத்திலேயே மின்சாரமும் கிடைத்தது. மாலையும் குங்குமமுமாக, சாம்பிராணி வாசத்தோடு பிரிண்டர் முதல் தாளைத் தள்ளியது.

"இனிமே பூசைக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க முதலாளி" என்றாள்.

"பிரிண்டருக்கே போன் போடறேன், அதான் சாமியோட பேசுதே!"

ஆம்புரோஸ் அண்ணன் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு தாள் அச்சடித்துப் பார்த்த பிறகுதான் வாங்கினாள். ஒப்படைப்புத் தாளில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில், ஆம்புரோஸ் அண்ணனின் பெயருக்குப் பதிலாக, சாந்தினி என்று முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள். கீழே தேதியும் போட்டாள்: 2 அக்டோபர் 2025.