வட்டிக்கு ஹர்த்தால் இல்லை

ஹர்த்தால் அன்றும் வட்டி ஓடும் என்பது தெரியவந்தபோது அம்மாவுக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் ஈ காக்கை அசையாது. கடை கிடையாது, பஸ் கிடையாது, எங்களுக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது. அப்பா ஓட்டும் ஜீப் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வீட்டு முன்னால் நிற்கும். ஏலத்தோட்டத்தில் அம்மாவுக்கும் வேலை இல்லை, வேலை இல்லாததால் கூலியும் இல்லை. ஆனால் பேங்க் பூட்டிக் கிடக்கும்போதும் எங்கள் கடனுக்கு மட்டும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்று அங்கிருந்த கிளார்க் சொல்லிவிட்டார்.

"ஊரே அடைச்சுக் கெடக்கு. இது மட்டும் எந்தக் கட்சிக்காரனுக்கும் பயப்படாம ஓடுதாம்ல?" என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவுகோல்தான். அப்பா கட்டப்பனையிலிருந்து பரோட்டாப் பொட்டலம் வாங்கி வந்தால் அது ஒரு நாள் வட்டி. எனக்குப் புதுக் குடை என்றால் மூன்று நாள் வட்டி. பள்ளிக்கூடத்தில் கொச்சிக்கு டூர் போக நான் கேட்ட பணம் பதினாறு நாள் வட்டியாக இருந்தது. அதனால் கடலை நான் பார்ப்பது பல வருஷம் தள்ளிப்போனது.

ஆனைக்கரையில் எங்களுக்கு இருபது சென்ட் நிலம். அதில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு, மிச்சமெல்லாம் ஏலச்செடி. நிலம் வாங்கவும் வீடு கட்டவும் பதினைந்து வருஷத் தவணையில் கடன் எடுத்திருந்தார்கள். நிலம் அம்மாவின் பெயரில் இருந்தது. ரேஷன் கார்டிலும் அவள்தான் குடும்பத் தலைவி. நிலத்துப் பத்திரத்தை எங்கள் பக்கம் ஆதாரம் என்பார்கள். அந்த ஆதாரம் பேங்க் பீரோவில் இருந்தது. நான் பிறந்த வருஷம் எடுத்த கடன் அது. நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தது.

அந்த நாலு வருஷத்தை அம்மாவால் பொறுக்க முடியவில்லை. அவள் கணக்கு எழுதுகிறவள் அல்ல. அவளுடைய வழி ரொம்ப எளிது. வீடு அப்பாவின் சம்பாத்தியத்தில் ஓட வேண்டும். சனிக்கிழமை தனக்கு வரும் கூலியை வரவே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பணம் வீட்டு வாசலை மிதிக்காமல் நேரே பேங்குக்குப் போகும். மாதத் தவணைக்கு மேல் கட்டும் ஒவ்வொரு ரூபாயையும், "சாரே, இது அசல்ல கழிக்கணும். வட்டியில போட்டுராதீங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள். பாக்கி எவ்வளவு என்று சீட்டு வாங்கி, மூன்று தடவை பார்த்தபிறகே கவுண்டரை விட்டு நகர்வாள். எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள் அவள். மலையாளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள், ஆனால் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

ஏன் இந்த அவசரம் என்று ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். உள்ளி உரித்துக்கொண்டே, கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவள் சொன்னாள். அவள் பிறந்தது பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டில். அவளுக்குப் பதினோரு வயதில் அவளுடைய அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். லயத்து வீடு வேலைக்காரருக்குத்தானே தவிர குடும்பத்துக்கு அல்ல. காலி செய்ய ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். மாதம் முடிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அடுத்த குடும்பம் சட்டி பானையோடு வந்து இறங்கிவிட்டது.

"யாரும் ஒரு வார்த்த வையல. நல்ல மனுசங்கதான். நாங்க சாமான் கட்டிக்கிட்டு இருக்கோம், அந்தக்கா எங்க அடுப்புலயே டீ போட்டு எங்களுக்குக் குடுத்துச்சு. விருந்தாளிக்குக் குடுக்குற மாதிரி" என்றாள். பிறகு உள்ளியை எண்ணெயில் போட்டாள். எனக்கு அந்தக் கதையில் டீ கொடுத்த பெண்மணியை மிகவும் பிடித்துப்போனது.

அந்த வருஷம்தான் ஏலக்காய் விலை பிய்த்துக்கொண்டு கிளம்பியது. காயைப் பறித்து, உலர்த்தும் ஸ்டோரில் கொடுத்து வாங்கி, நிறம் மங்காமல் இருக்கக் கறுப்புப் பாலிதீன் உறையில் கட்டிச் சாக்கில் வைப்பார்கள். வழக்கமாக ஒவ்வொரு எடுப்பும் முடிந்தவுடன் விற்றுவிடுவோம். அந்த முறை அப்பா தடுத்துவிட்டார். விலை தினமும் ஏறுகிறது, எவனாவது இப்போது விற்பானா என்றார். ஊரில் எவனும் விற்கவில்லை. எல்லா வீட்டிலும் கட்டில் இருந்த இடத்தில் மூட்டை இருந்தது, ஆட்கள் தரையில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று மூட்டை. அதன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்ததில் என் தலைமுடி, சீருடை, கணக்கு நோட்டு எல்லாம் ஏலக்காய் மணந்தது. வகுப்பே அப்படித்தான் மணந்ததால் யாரும் கேலி செய்யவில்லை.

அப்பா கம்பத்துக்காரர். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து தினமும் தோட்டத்து வேலைக்கு ஆட்களை ஏற்றி மலையேறும் ஜீப்பை ஓட்டினார். ஜீப் வேறொருவருடையது. ஓட்டி வந்த ஆண்டுகளில் அவர் மனதுக்குள் வாங்கி வைத்திருந்த ஜீப் ஒன்று உண்டு. "இன்னும் கொஞ்சம் ஏறட்டும். கடனையும் அடைப்போம், சொந்தமா வண்டியும் எடுப்போம். முன் கண்ணாடியில உன் பேர எழுதுறேன், பாரு" என்று என்னிடம் சொன்னார். அதோடு நான் அப்பா கட்சிக்குப் போய்விட்டேன். கண்ணாடியில் எந்த நிறத்தில் எழுதுவது என்பதுவரை எங்களுக்குள் பேச்சு முடிந்திருந்தது. இருக்கிற விலைக்கே கடன் தீர்ந்துவிடும், கொடுத்துவிடலாம் என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். சபரிமலை சீசன் முடியட்டும் என்றார் அப்பா. மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

அப்பா ஐயப்பமார்களை ஏற்றிக்கொண்டு மூன்று நாள் டிரிப் போன மறுநாள் காலை, பால் எடுக்க வரும் ஜீப்பை அம்மா கைகாட்டி நிறுத்தினாள். "அந்தப் பக்கம் புடி" என்று என்னிடம் சொன்னாள். நான் பிடிக்காமல் நின்றேன்.

"அப்பாகிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டா விடுவாகளா? புடிடி."

பிடித்தேன். ஏலக்காய் வாங்கும் மலைச்சரக்குக் கடையில் மூன்று மூட்டையும் தராசில் ஏறி இறங்கின. கடைக்காரர்கூட, "இன்னும் ஒரு மாசம் வெக்கலாமே சேச்சி" என்றார். வியாபாரியே வாங்கத் தயங்கிய ஒரே சரக்கு உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். அம்மா பணத்தை ரவிக்கைக்குள் வைத்து, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி பேங்குக்கு நடந்தாள்.

கிளார்க் கணக்கைப் பார்த்தார். "நாலு வருஷம் கூடி உண்டல்லோ சேச்சி. என்ன இத்தன அவசரம்?" என்று தமிழும் மலையாளமுமாகக் கேட்டார். அம்மா கட்டுகளை எடுத்து வைத்தாள். அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் போன் அடித்தது. அப்பா. அம்மா ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு என் கையில் திணித்தாள்.

"தாயி, அம்மாகிட்ட சொல்லு, இன்னைக்கும் ஏறிருக்காம். இப்பத்தான் வாட்ஸாப்புல வந்துச்சு" என்றார் அப்பா. பின்னால் சரணம் விளிப்பது கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் கடைசிக் கட்டும் பிரிந்துகொண்டிருந்தது. "சரிப்பா" என்றேன். அழுகை வந்தது. அப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. அம்மா மீது எனக்கு அன்று வந்த வெறுப்பை மறைக்க இப்போதும் விருப்பமில்லை.

அப்பா திரும்பி வந்து காலியாகக் கிடந்த மூலையைப் பார்த்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபிறகு, "எவ்வளவுக்குக் குடுத்த?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். "ம்" என்றார். சத்தம் போட்டிருந்தால் வீடு அன்றோடு ஆறியிருக்கும். அவர் வேறு விதமாகச் செய்தார். தினமும் சாயங்காலம் அன்றைய விலையைப் போனில் பார்த்து உரக்க வாசித்தார். விலை ஏறிக்கொண்டே போனது. நான் உள்ளுக்குள் அதைக் கழித்துக் கூட்டிப் பார்ப்பேன். ஜீப்பின் முன்சக்கரம் போனது, பின்சக்கரம் போனது, ஒரு நாள் முழு ஜீப்பும் போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரம் ஆனபின் ஒருநாள் அவர் வாசித்து முடித்ததும் அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள்.

"நீங்க சொன்னதுதான் சரி. நட்டந்தான். எனக்குப் பொறுக்க முடியலைங்க."

அப்பா போனை அணைத்துப் பையில் வைத்தார். மறுநாளிலிருந்து விலை வாசிக்கவில்லை. கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி என்பதை நான் இங்கே பதிந்துவிட வேண்டும். அந்த சீசன் முடியும்வரை விலை இறங்கவே இல்லை. மேலண்டை வீட்டுக்காரர் பொறுத்திருந்து விற்று ஜீப் எடுத்தார். அப்பா கடைசிவரை அடுத்தவர் ஜீப்பைத்தான் ஓட்டினார்.

ஈடு நீக்கி ஆதாரம் தருகிறோம் என்று பேங்கிலிருந்து ஆள் சொல்லி அனுப்பியபோது அப்பாவே ஜீப்பில் அம்மாவைக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் அவர் வெளியே வண்டியைக் கழுவப் போய்விட்டார். அம்மா குளித்து வேறு சேலை உடுத்தி வந்து, தரையில் உட்கார்ந்து, அந்த உறையை என் மடியில் வைத்தாள். அப்பாவுக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியாது. வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

"சத்தமா வாசி. வாசிச்சு அர்த்தம் சொல்லு" என்றாள்.

வாசித்தேன். விற்றவரின் பெயர், அவர் வீட்டுப்பெயர், சர்வே எண். பிறகு பீர்மேட்டில் இன்ன எஸ்டேட்டில் இருந்த இன்னாரின் மகள் என்று அம்மாவின் பெயர் வந்தது. "அத இன்னொரு தடவ வாசி" என்றாள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். என் உச்சரிப்பைச் சோதிக்கிறாள் என்று எரிச்சல் வந்தது. கிழக்கே பஞ்சாயத்து ரோடு, தெற்கே ஓடை, மேற்கே மேலண்டை வீட்டார் நிலம், வடக்கே பாறை. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையைத் திருப்பி அந்தந்தத் திசையைப் பார்த்தாள். ரோட்டில் என் சிநேகிதி ஷட்டில் மட்டையை வைத்துக்கொண்டு மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். நிறுத்தமே இல்லாமல் ஒரே வாக்கியம் பக்கம் முழுக்கப் போனது. பழைய சர்க்கார் கச்சேரி மலையாளம், பாதிச் சொற்கள் வாயில் நுழையாதவை.

"அவ்வளவுதான்மா" என்றேன்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் எழுதலயா?"

"இல்லம்மா."

"அந்த அடுத்த தாள்ல?"

"அதுல முத்திரை குத்தி கையெழுத்து போட்ருக்கு."

பேங்க் கிளார்க் கொடுத்த துண்டுச்சீட்டை மூன்று தடவை பார்க்கிறவள், நான் சொன்னதை அப்படியே நம்பினாள். "ம்... சரி, போ" என்றாள். நான் எழுந்து ஓடிவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, தெரியாத அந்த எழுத்துகள் மீது விரலை வைத்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நன்றாக விளையாடினேன், ஜெயித்தேன் என்றும் ஞாபகம்.

அந்தப் பக்கத்தை நான் வாசித்தது, வேலைக்குப் போனபின் ஒரு சான்றிதழுக்காக ஆதாரத்தை எடுத்தபோதுதான். விற்றவர் அதில் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று முதல் இந்த இடத்தை நீங்களும் உங்கள் வாரிசுகளும் என்றென்றைக்கும் வைத்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது, இதைவிட்டு உங்களை இறங்கச் சொல்ல எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ வேறு எவருக்குமோ ஒருபோதும் உரிமை கிடையாது. ஒரு ஜீப்பை விட்டுக்கொடுத்து, நாலு வருஷத்தைத் தாண்டிக் குதித்து அம்மா வாங்கி வந்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். இதைக் கேட்கத்தான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்று அது வாயில் நுழையாத ஒரு பக்கம், அவ்வளவுதான்.