வீட்டுக்குத் திரும்பிய லாரிக்காரர்

லாரிக்காரருக்கு ஐம்பத்து மூன்று வயதில் இடது கண் மங்கிப்போயிற்று. உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில், பலகையில் இருந்த எழுத்துகளில் மூன்றாவது வரியோடு நின்றுவிட்டார். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இனிமே பெரிய வண்டி வேண்டாம்" என்றார். இருபத்தேழு வருஷ ஓட்டம் அந்த ஒரு பேச்சோடு முடிந்தது.

அத்தனை வருஷமும் அவர் சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோனவர். மாதத்தில் நான்கு நாள் வருவார். குளிப்பார், சாப்பிடுவார், அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். எழுந்தால் சட்டை துவைத்து மடித்து இருக்கும். அது எப்படி மடிந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மனைவி மூன்று வருஷமாகத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். அவர் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு, ஒரு காலையில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"வீட்டை நீங்க பாத்துக்கங்க. என்னால ரெண்டு பக்கமும் ஓட முடியல."

"பாத்துக்கிட்டாப் போச்சு. முப்பது டன்னை ஏத்திக்கிட்டு மலை ஏறினவன், நாலு தட்டு கழுவ மாட்டேனா?"

மலை சுலபமாகத்தான் இருந்திருக்கிறது. முதல் வாரத்தில் பால் இரண்டு முறை பொங்கி அடுப்பை அணைத்தது. அவருடைய சிவப்புத் துண்டோடு சேர்ந்து துவைபட்ட மகளின் வெள்ளைச் சீருடை இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. "அப்பா, இதைப் போட்டுட்டு நான் எப்படிப் போவேன்?" என்று மகள் அழுகிற குரலில் கேட்டபோது, அவர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தாம் நாள் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் வந்து அடியில் இருந்த வளைவுக் குழாயைக் கழற்றினார். உறைந்த எண்ணெயும் சோறும் ஒரு பிடி வந்து விழுந்தன.

"மிச்ச எண்ணெயை இதுலயா ஊத்துனீங்க?"

"வேற எங்க ஊத்துறது?"

"அண்ணே, டீசல் டேங்குல சோத்தைப் போடுவீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கத் தெம்பில்லை.

இவை எதுவும் அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. மனைவி சாயங்காலம் வந்து செய்ததுதான் உறுத்தியது. பையை வைத்த கையோடு, ஒரு வார்த்தை பேசாமல், அவர் கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவுவாள். மடித்திருந்த போர்வையை உதறி மறுபடி மடிப்பாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசற்படியில் நின்று அதைப் பார்க்கும்போது, பகல் முழுக்கக் குனிந்து நிமிர்ந்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது போலிருக்கும்.

இப்படியே மூன்று மாதம் போயிற்று. அப்புறம் ஒரு மழை நாளில் கம்பெனிப் படிக்கட்டில் அவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சமையலறைக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவரைப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலையில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"அது தரை துடைக்கிற துணிங்க. அதை வச்சு அடுப்பைத் துடைக்கிறீங்க."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"கூட்டிட்டு அப்புறம் ஒட்டடை அடிக்கிறீங்க. மறுபடி கூட்டணும்."

மூன்றாம் நாள் அவர் துணியைத் தொட்டிக்குள் எறிந்தார். "இதையெல்லாம் என்னைக்காவது சொல்லித் தந்தியா? ராத்திரி வந்து பேசாம மறுபடி கழுவத்தானே செஞ்ச?"

"சொல்லித் தர, நீங்க என்னைக்கு வீட்டுல இருந்தீங்க?" என்றாள் அவள். சத்தமே போடவில்லை. "நான் மட்டும் எங்க கத்துக்கிட்டேன்? கல்யாணமாகி வந்த வருஷம் நான் எரிச்ச பாத்திரத்தை எண்ண முடியாது. உங்களுக்குத் தெரியாது, நீங்க ரோட்டுல இருந்தீங்க. அசதியில வர்றவளுக்கு வாயைத் திறக்கத் தெம்பு இருக்காதுங்க. சொல்றதைவிடக் கழுவுறது சுளுவு."

அவர் தொட்டியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தார். "இது எதுக்குன்னு சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து அவள் சொன்னாள், அவர் செய்தார். தரைக்கும் பாத்திரத்துக்கும் வேறு வேறு நிறத்தில் துணி பிரித்து வைத்தார்கள். மேலிருந்து கீழே வர வேண்டும்; முதலில் ஒட்டடை, பிறகு அலமாரி, கடைசியில் தரை. துணியைக் கொடியில் போடுமுன் இரண்டு உதறு உதறினால் பாதிச் சுருக்கம் போய்விடும். அடிப்பிடித்த பாத்திரத்தோடு மல்லுக்கட்டக் கூடாது, தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். புதிதாக வாங்கிய அரிசியைப் பழையதன் மேல் கொட்டினால் அடியில் பூச்சி வைக்கும். சிலது அவர் மண்டையில் ஏறியது, சிலது ஏறவில்லை. போர்வை மடிப்பது கடைசிவரை வரவே இல்லை.

காலையில் அவள் தலையையும் அவரே வாரிவிட வேண்டியிருந்தது. முதல் நாள் சிக்கை இழுத்ததில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கயிறு கட்டுற மாதிரி இழுக்காதீங்க. நுனியில இருந்து வாருங்க." அவர் நுனியிலிருந்து வாரினார். காதோரத்தில் இவ்வளவு நரை விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த தோள் வேறு, தரை துடைக்கிற இடுப்பு வேறு. லாரியில் சரக்கை இறக்கிக் கையெழுத்து வாங்கினால் ஒரு ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம். இங்கே மத்தியானம் துடைத்த மேடை சாயங்காலம் அழுக்காக நின்றது. "இது எப்பதான் முடியும்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். "முடியாது" என்றாள் அவள். "முடியும்னு நெனச்சாத்தான் அலுப்பு ஜாஸ்தி."

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். மெலிந்த மணிக்கட்டோடு அவள் மறுபடி வேலைக்குப் போனாள். அன்று சாயங்காலம் அவள் வந்தபோது அவர் சமையலறையில் இருந்தார். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கவிழ்த்திருந்த தட்டுகளைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். கோணல்மாணலாக மடித்திருந்த போர்வை மேல் கண் சற்று நின்றது.

"சாப்பிட என்ன இருக்கு?" என்றாள்.

சோறும் பருப்பும் வைத்தார். பருப்பில் உப்பு தூக்கலாக இருந்தது. அப்படியும் அவள் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டாள். கை கழுவிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவள், மகள் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள்.

லாரிக்காரர் அவள் தட்டையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து, துடைக்கிற துணியைக் கையில் எடுத்தாள்.

"எந்தத் துணிப்பா?"

"நீலம். பாத்திரத்துக்கு நீலம்" என்றார் அவர், குழாயைத் திறந்துகொண்டே.