அப்புறம் கேட்டு இழந்த சனிக்கிழமைகள்

எங்கள் அலுவலகம் மதுரை கே.கே. நகரில், ஒரு தோல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பாடப்புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிழைதிருத்தி அனுப்புவது தொழில். ஆங்கிலத்தில் காற்புள்ளி எங்கே விழ வேண்டும் என்று ஆங்கிலேயர்களுக்கே எடுத்துச் சொல்லும் இந்த உத்தியோகத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். அதே மொழியில் யாராவது "ஹலோ" என்றால் மட்டும் வேர்த்துவிடும்.

இது தெரியாமல் முதலாளி வெள்ளிக்கிழமை போனை என்னிடம் ஒப்படைத்தார். வாராவாரம் மாலை ஐந்து மணிக்கு இங்கிலாந்திலிருந்து பதிப்பாசிரியை ஒருவர் கூப்பிடுவார். முடிந்த வேலை, முடியாத வேலை பற்றிப் பேச வேண்டும். "நீங்கதான் எந்நேரமும் இங்கிலீஷ் புத்தகமா படிக்கிறீங்களே சார்" என்றார் முதலாளி. நீச்சலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறான் என்பதற்காக ஒருவனைக் கிணற்றில் தள்ளிவிடுவது மாதிரி.

பேசுவதற்கென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. ஏ.சி. இரைச்சல் அந்தப் பக்கம் கேட்கிறது என்பதால் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தொட்டிக்குள் ஒரு கெண்டை மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரியும். அதுதான் நான்.

வேலை விஷயம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். வினை அதற்குப் பிறகுதான். பதிப்பாசிரியை "சோ..." என்பார். கொஞ்சம் இழுத்து, "எனிவே..." என்பார். நானும் மதுரைக்காரன் மரியாதை குறையாமல், "தென்? வாட் எல்ஸ்?" என்று கேட்பேன். அங்கே காகிதம் புரளும் சத்தம் கேட்கும். பிறகு, "வெல், ஆக்சுவலி..." என்று தொடங்கி இன்னொரு அத்தியாயத்தை எடுத்துப் போடுவார். அது திங்கட்கிழமை காலை அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதாவது எங்கள் குழுவின் சனிக்கிழமை காலி. இப்படி ஏழெட்டு சனிக்கிழமைகள் போயின. இருநூறு வருடம் ஆண்டும் இந்தச் சனத்துக்கு ஆசை தீரவில்லையே என்று நான் வெளியே வந்து வைவதும், மற்றவர்கள் ஆமோதிப்பதும் வழக்கமாகிவிட்டது.

இதில் ஒரு சனிக்கிழமை என் தங்கச்சி மகளின் காதுகுத்து. தங்கச்சியை உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மடி வேலைக்குப் போய்விட்டதால் விசேஷத்தையே ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். மறுதேதி குறித்துவிட்டுத் தங்கச்சி போனில் சொன்னாள்:

"இந்தத் தடவையும் வரலேன்னா பாத்துக்க. முன்னாடியே குலசாமி கோயில்ல அடிச்ச மொட்டையில முடி வளந்து பிள்ள குடுமி போட்டுக்கிட்டுத் திரியிது. மாமன் மடி இல்லாம குத்துனா ஊரு சிரிக்கும்ண்ணே. அப்புறம் ஒனக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

அந்த வாரம்தான் பக்கத்து மேசைப் பெண் உண்மையை உடைத்தாள். கே.கே. நகரிலேயே கான்வென்ட்டில் படித்தவள்; எங்கள் குழுவில் ஆங்கிலம் வாயில் தானாக வரும் ஒரே ஆள்.

"சார், கோவிச்சுக்கக் கூடாது. நமக்குச் சனிக்கிழமை வேலை வாங்கித் தர்றதே நீங்கதான்."

"நானா?"

"அந்தம்மா எனிவேன்னா, போன வைக்கப் போறேன்னு அர்த்தம் சார். நீங்க வேற என்ன, வேற என்னன்னா, பாவம், இன்னும் வேல கேக்குறாங்களேன்னு தேடித் தேடிக் குடுக்குது."

"பின்ன என்ன சொல்றது?"

"ரைட்னு சொல்லுங்க. சொல்லிட்டு வாய மூடிக்கங்க. அம்புட்டுத்தான்."

எங்கள் ஊரில் விஷயம் தீர்ந்ததும் போனை வைப்பது இல்லை. ஒருவர் "அப்புறம்?" என்பார். மற்றவர் "நீங்கதான் சொல்லணும்" என்பார். "வேற என்ன?" "வேற ஒண்ணுமில்ல." "அப்புறம்?" இப்படி வாசல் வரை வந்து, செருப்பைப் போட்டு, அதற்கு மேலும் கால்மணி நேரம் நின்ற பிறகுதான் போன் வைக்கப்படும். இதில் யாரும் எதையும் கேட்பது இல்லை; உன்னைத் துரத்தவில்லை என்று தெரிவிப்பதோடு சரி. அங்கேயோ கேட்டால் கேட்டதுதான்.

வெல், சோ, ஐ மீன், யூ நோ. பாடப்புத்தகத்து உரையாடல்களில் இவற்றைக் களையென்று எண்ணி இத்தனை வருடம் பிடுங்கிப் போட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். பேச்சில் இவைதாம் வரப்பு என்பது தெரியாமல் அந்தம்மாவின் வயலுக்குள் இறங்கி மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வேலைப் பேச்சு முடிந்தது. பதிப்பாசிரியை "சோ..." என்றார். பிறகு, "எனிவே..."

"ரைட்" என்றேன்.

மௌனம். விருந்தாளியை வெறும் இலைக்கு முன்னால் உட்காரவைத்த மாதிரி இருந்தது. "தென்" நுனிநாக்குக்கு வந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே அந்தப் பெண் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக் காட்டினாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ரைட்" என்றார் பதிப்பாசிரியையும். "வெல், ஹேவ் எ லவ்லி வீக்கெண்ட்." வைத்துவிட்டார்.

புதிய அத்தியாயம் இல்லை. வெளியே வந்தபோது குழுவே கை தட்டியது. ஒரே சொல்லில் சனிக்கிழமையை மீட்ட மிதப்போடு வண்டியை எடுக்கக் கீழே இறங்கினேன். தங்கச்சி கூப்பிட்டாள்.

"நாளைக்கு வந்துருவேல்ல?"

"காலையிலேயே வந்துருவேன்."

"சரி... அப்புறம்ண்ணே? வேற என்ன?"

"ரைட்" என்று வைத்துவிட்டேன்.

விளாங்குடி வீட்டுக்கு வந்து காபி குடித்து, சட்டை தேய்த்து முடித்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை. வாசலில் கார் வந்து நின்றது. உசிலம்பட்டியிலிருந்து தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும், தட்டு, வெற்றிலை பாக்கு, பழத்தோடு. தங்கச்சியின் கண் சிவந்திருந்தது.

"முறையா வந்து அழைக்கல, போன்ல சொல்லிட்டேன்னுதான மூஞ்சியில அடிச்ச மாதிரி போன வச்ச?"

"கோவமெல்லாம் இல்லம்மா. இங்கிலீஷ்ல அப்புடித்தான் முடிக்கணும்..."

"நான் வெள்ளக்காரியா?"

மாப்பிள்ளை என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "மச்சான், மனசுல உள்ளத சொல்லுங்க. மண்டபத்துப் பேனர்ல ஒங்க படம் சின்னதா போயிருச்சுன்னுதான கோவம்?"

"எனக்குப் பேனரே வேணாம் மாப்ள."

"பாத்தீங்களா, அதான் விஷயம்" என்றார், தலையை ஆட்டியபடி.

மறுநாள் உசிலம்பட்டி மண்டப வாசலில் புத்தம்புதிய பேனர் நின்றது. என் ஆதார் அட்டைப் படம் இரண்டு ஆள் உயரத்துக்கு. பக்கத்தில் 'தாய்மாமன்' என்று எழுதியிருந்தது. என் காதுக்குப் பக்கத்தில் பிள்ளையின் படம், தோடு அளவுக்கு. பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி குத்தினார், அவள் வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் எனக்கு யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பஸ் பிடிக்கக் கிளம்பினேன். மாமனுக்குக் கோபம் என்ற சேதி பந்தி முழுக்கப் பரவியிருந்தது. வாசலில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள்.

"அப்புறம்ண்ணே?"

"அப்புறம் என்ன, நீங்கதான் சொல்லணும்."

"வேற என்னண்ணே?"

"வேற ஒண்ணுமில்ல. அப்புறம்?"

ஒருவரையும் விடவில்லை. தலைக்கு மேல் ஆதார் முகம் முறைத்துக்கொண்டு நிற்க, மூன்று பஸ் போயிற்று. ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி, நான்காவது பஸ் திரும்பும்போதுதான் பக்கத்தில் வந்தாள்.

"சரி, போயிட்டு வா. ஆனா வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு," என்றாள், "நாஞ்சொல்ற வரைக்கும் வைக்கக் கூடாது."