ஐஸ்கிரீம் பெட்டியில் முப்பது சிறவி

போன வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். மருமகள் சோப்பு எடுக்கப் போன நேரத்தில், கை சும்மா இருக்காமல் அங்கிருந்த ப்ரீசரின் கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன். தோலுரித்து உறை போட்ட பண்ணைக் காடைகள். குளிர்ப்புகை முகத்தில் அடித்ததும் என் கை தானாக ஒன்றை எடுத்துப் புரட்டி, நெஞ்சில் கட்டைவிரலை அழுத்தித் தடவ ஆரம்பித்துவிட்டது. "இன்னாம்மா தேடறீங்க?" என்றாள் கடைப்பெண். ரவைக் குண்டு துளைத்த ஓட்டையைத் தேடுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

கல்யாணமான மூன்றாம் வருடம், உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் நான் ஒரு கூல்டிரிங்ஸ் கடை வைத்தேன். ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்று பெட்டி கொடுத்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அப்படியொரு பெட்டி கிடையாது. அந்தத் தலைக்கனத்தில் நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அவர்கள் சரக்கைத் தவிர வேறு எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்பது பேச்சு. நானோ மல்லிப்பூவில் ஆரம்பித்து, மாட்டு ஊசி மருந்து வரை வைத்தேன். கடைசியில் சிறவி.

தை, மாசியில் எங்கள் ஏரியில் கூட்டமாக வந்து இறங்கும் சின்ன வாத்துதான் சிறவி. கன்னியப்பன் மாமா அதை நாட்டுத் துப்பாக்கியால் சுடுவார். என் கணவரின் பெரியப்பா மகன் அவர். செங்கல்பட்டு சாலையில் புரோட்டா கடை வைத்திருந்த தணிகாசலம் அண்ணன் வாரம் ஒருமுறை வந்து வாங்கிப்போவார். சட்டப்படி தப்பு என்று மூவருக்கும் தெரியும். நடுவில் என் பெட்டி.

உறைய வைப்பதற்கும் பக்குவம் வேண்டும். உடம்புச் சூட்டோடு உள்ளே போட்டால் வயிறு பச்சை பூத்துவிடும். குடலை எடுத்து, நிழலில் தொங்கவிட்டு, ஆறிய பிறகு ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். இறகைப் பிடுங்கக் கூடாது. அது இருந்தால்தான் வாங்குகிறவர் நம்புவார். கரண்டு போனால் மூடியைத் திறக்காமல் மேலே சாக்கைப் போட்டு மூட வேண்டும். கம்பெனி ஆள் வந்தால் மேலே இருக்கும் குச்சி ஐஸை மட்டும் காட்டி, அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும். இதில் நான் நன்றாகவே தேறியிருந்தேன். விற்கும் முன் பிரித்து, ரவையை நெம்பி எடுப்பதும் என் வேலை. ஒருமுறை யாருக்கோ பல் உடைந்ததிலிருந்து அந்த ஏற்பாடு.

அந்த மாசியில் என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். நான் பத்து நாளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். சாவியைக் கன்னியப்பன் மாமாவிடம் கொடுத்திருந்தேன். முதல் வாரம் அவரே ஏழு சிறவியைச் சுற்றிவைத்து, அவரே தணிகாசலம் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். நான் கடைக்குத் திரும்பிய அன்று பெட்டியில் முப்பது இருந்தன. இதுவரை ஆறேழுக்கு மேல் நான் பார்த்ததில்லை. மறுநாள் ஒரு காதுகுத்து விருந்துக்காம். நான்கு மணிக்குத் தணிகாசலம் அண்ணன் வருவார்.

மத்தியானம் உட்கார்ந்து பிரித்தேன். சுட்ட பறவையின் காகிதம் இரத்தத்தோடு உறைந்து ஒட்டியிருக்கும், கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அன்று காகிதம் சுத்தமாகக் கையோடு வந்தது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது, எதிலும் ஓட்டை இல்லை. ஒன்றின் கழுத்தடி கல் மாதிரி புடைத்திருந்தது. கத்தியால் கீறினேன். உறைந்த நெல், அதன் நடுவே ஊதா நிறக் குருணை. வயலில் பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்து. எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பை உண்டு. மண்டை ஓடு படம் போட்ட பை.

வாசல் பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஒண்ணுலகூட ரவை இல்லியே?"

"உள்ள போயிருக்கும். கட்டி வையி."

"முப்பதுலயுமா?"

அவர் தெருவைப் பார்த்தார். "எலக்சன் வருதுன்னு துப்பாக்கிய போலீஸ்ல ஒப்படைச்சு பத்து நாளாவுது. ஆர்டர் ஒத்துக்கினேன் புள்ள, இன்னா பண்ணச் சொல்ற? நெல்லுல கலந்து போட்டேன். குடல எடுத்துட்டா கறில ஏறாது."

"துன்றது மன்சங்க மாமா. கொயந்தைங்க வரும் காதுகுத்துக்கு."

"ரொம்பப் பேசாத. பொட்டில இத்தினி நாளா இன்னா கீதுன்னு கம்பெனிக்காரங்கிட்ட சொல்லட்டா?"

உள்ளே வந்தேன். கணவர் லோடு வண்டியோடு வேலூரில். மணி மூன்றேகால். தணிகாசலம் அண்ணன் வேண்டாம் என்பாரா, எனக்கு நிச்சயமில்லை. அவரும் விருந்துக்கு வாக்குக் கொடுத்தவர். தூக்கிப்போய்ப் புதைக்கலாம் என்றால் வாசலில் இவர். பூட்டினால் உடைப்பார்.

தரை கழுவும் பினாயில் பாட்டில் மூலையில் இருந்தது. மூடியைத் திறந்து, முழு பாட்டிலையும் பறவைகள் மேல் ஊற்றினேன். குச்சி ஐஸ், கப் ஐஸ் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக வழிந்தது. நெடி வாசலுக்குப் போனதும் மாமா ஓடிவந்தார். கையை ஓங்கினார். நான் பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அந்த நேரத்தில் தணிகாசலம் அண்ணனின் டிவிஎஸ் வந்து நின்றது. நான் கீறிய கழுத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"போன வாரத்து ஏயு சிறவியும்?" என்றார் மாமாவைப் பார்த்து.

மாமா தலை குனிந்தார்.

"அடப்பாவி, அத வித்துட்டேன்யா!"

வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார். மாமா பெஞ்சில் உட்கார்ந்தவர், சட்டென்று எழுந்தார். "கரைல இன்னும் நெல்லு கீது. ஆடு ஓட்டிக்கினு வர்ற நேரம்" என்று முணுமுணுத்து, என் கடை விளக்குமாற்றையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு ஏரியை நோக்கி ஓடினார். அப்படி அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. எந்த ஊரிலிருந்தாவது சாவு மேளம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் தணிகாசலம் அண்ணன் வந்தார். தெரிந்த வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் தேடிப் பார்த்துவிட்டாராம். ஒருவர் மட்டும் இரண்டு நாள் வாந்தியில் கிடந்து எழுந்திருக்கிறார், குடித்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டு. "தெரியாத ஆளு ரெண்டு பேரு துன்னாங்க தங்கச்சி. அவங்க எந்த ஊர்னு தெர்ல" என்றார். அந்த இரண்டு பேர் எனக்கு இன்றைக்கும் தெரியாத ஊரில்தான் இருக்கிறார்கள்.

கம்பெனி பெட்டியை எடுத்துக்கொண்டு போனது. கடையை மூடினேன். மாமா கடைசிவரை எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

அடுத்த தை மாதம் சிறவிகள் வந்தன. ஏரிக்கு மேலே வட்டமடித்தன, இறங்கவில்லை. தண்ணீர் போதவில்லை என்றார் என் கணவர். தண்ணீரோ உபரி வழிகிற கலங்கல் வரை நின்றது. அதற்கடுத்த வருடமும் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தெற்கே போயின. பிறகு அந்தச் சுற்றும் நின்றுபோனது.