வெள்ளிக்கிழமை மட்டும் வராத வலி

அம்மனை நம்பும் அன்பர்களே, நான் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைப்பவள். இதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போன தைப்பூசம் முடிந்த வாரம் இடது விலாவுக்குக் கீழே அந்த வலி ஆரம்பித்தது. வந்தால் மிஷினை விட்டு எழுந்து ஓடி வாந்தி எடுப்பேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரிப் போய்விடும். கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்றார்கள். சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று பக்கத்துக் கடை அக்கா சொல்ல, பார்லித் தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன். வலி இன்னும் மோசமானது.

மருத்துவமனையில் இரண்டு முறை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டும் வெள்ளிக்கிழமை. விரத நாளில் வேலை குறைவு என்பதால் நானே கேட்டு வாங்கிய தேதி. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். நடிக்கிறேனோ என்று கணவரே என்னைப் பார்த்தார். எனக்கு அம்மன் மேல்தான் கோபம். வலியை எடு என்றால் ஸ்கேன் நாளில் மட்டும் எடுக்கிறாயே என்று சண்டை போட்டேன்.

மூன்றாவது ஸ்கேனும் வெள்ளிக்கிழமைதான். அன்று காலை கிள்ளானில் எங்கள் கோயிலில் நின்று வேண்டுதலை மாற்றினேன். "வலி வந்தா வரட்டும் தாயே. இன்னைக்கு அவங்க கண்ணுல படட்டும்."

ஸ்கேன் அறை வாசலில் ஒரு நர்ஸ், வலி எப்போது வரும் என்று கேட்டாள். நிறையக் குடித்தால் வரும் என்றேன். இன்று என்ன குடித்தீர்கள் என்றாள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்றேன்.

"தண்ணியே குடிக்காம வந்தா எப்படிக்கா தெரியும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டாக்டர் குடிக்கச் சொன்னார். பல வருட விரதம்.

கணவர் போத்தலைத் திறந்து நீட்டினார். "சாமி கோவிச்சுக்காது லா. குடி."

ஒரு மணி நேரத்தில் வலி வந்தது. வலி வந்ததற்காக அழுது கும்பிட்டது அன்றுதான். திரையில் சிறுநீரகம் வீங்கி நின்றது.

சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று சிறுநீர் இறங்கும் குழாயின் குறுக்கே கிடந்து அழுத்துவது அடுத்த சோதனையில் தெரிந்தது. விட்டிருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்கும். ரத்தக்குழாயை வெட்டக் கூடாதாம். அதனால் சிறுநீர்க்குழாயை வெட்டி, ரத்தக்குழாய்க்கு முன்பக்கமாகக் கொண்டுவந்து இணைத்தார்கள். அதன் பிறகு வலி இல்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை விரதம் உண்டு. மிஷின் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலும் உண்டு. பதில் வரவில்லை என்று தவிப்பவர்கள் கேட்பதை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் விரதத்தையும் மறைக்காதீர்கள். வலியை எடு என்றுதான் நான் கேட்டேன். அவள் வலியைக் கொடுத்து என்னைக் காப்பாற்றினாள்.